முன்கியர் கழற்றிய ஜீப்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரி புத்தாண்டுக்கு உரக்கடையில் கொடுத்தது. ஏழு மாதமாக அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று டயாலிசிஸ் நர்சம்மா, "அந்தம்மா குடிக்கிற தண்ணிய தெனமும் எழுதி வைங்க, நாலு டம்ளரத் தாண்டக் கூடாது" என்று அதட்டியதால் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

அந்தம்மா என்பது என் மனைவி வேலுத்தாய். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. சித்திரை மாதத்திலிருந்து திங்களும் வியாழனும் தேனிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். ஒரு தடவை தவறினாலே ஆபத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

நாங்கள் இருப்பது மலைமேல், கூழாம்பாறையில். அடிவாரம் வரைக்கும் மண்பாதை. அதற்குப் பிறகு தார்ரோட்டில் போடி, அப்புறம் தேனி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் எனக்குச் சொந்தமாக இருப்பதால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்த மலையில் பரமன் வண்டி என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஏற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சத்தம் மண்டைக்குள்ள போயி ஒக்காந்துக்குதுங்க. இந்தப் பாதையில வாரத்துக்கு ரெண்டு தரம் இனிமே என்னால முடியாது போல."

முடியாது என்றால் எப்படி? கோளாறு வண்டியில்தான். அதைச் சரி செய்யலாம்.

தண்ணீர் மூன்றரை டம்ளர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தண்ணீர் நான்கு. கடைசி டம்ளருக்குச் சண்டை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலுவை மெஷினில் படுக்க வைத்துவிட்டால் நான்கு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. அந்த வராந்தாவில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் ஒரு கொடுமை கிடையாது. உள்ளே அவள் இரத்தம் குழாயில் ஓடுகிறது, வெளியே நான் தேங்காய் பன் தின்றுகொண்டிருக்கிறேன். அதனால் இன்று போடிக்கு வண்டியைத் திருப்பி சவரிமுத்து பட்டறைக்குப் போய்விட்டேன். சவரி என் வண்டிக்குப் பதினைந்து வருடமாக மெக்கானிக்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு பெட்டி, இன்ஜின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது. வண்டியை மெதுவாக, பலமாக நகர்த்துகிற லோ கியரும் அதற்குள்தான். சேற்றிலும் செங்குத்திலும் அதுதான் உயிர். ஆனால் முன்சக்கரம் வேலை செய்யாதபோதுகூட உள்ளே பல்சக்கரங்கள் வெட்டியாகச் சுற்றும். அதுதான் அந்த ஊளை, அதுதான் வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பதும்.

முதலில் முன்பக்கம் போகிற சுழல்தண்டை மட்டும் கழற்றச் சொன்னேன். சவரி கழற்றினான். சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று திரும்பும் வழியில் வேலுவைக் கேட்டேன்.

"பரவால்ல" என்றாள். "ஆனா தூரம் அப்படியேதான இருக்கு."

ஆகஸ்ட் 14, வியாழன்

டயாலிசிஸ் முடிந்து பேச்சி வீட்டில் சாப்பிட்டோம். பேச்சி வேலுவின் தங்கை, ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வரும் வழியில் வேலு, "பேச்சி வீட்டு மாடியில குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்களாம். சும்மாதான் கெடக்காம்" என்றாள். வாடகைக்கு ஆள் வேண்டுமென்றால் தரகரைப் பிடிக்கச் சொல் என்றேன்.

அந்த மாடியில் அவர்கள் குடிவருவதற்கு முன்னால், பங்குனியில் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்கிறேன். காற்றே கிடையாது. காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டுக்காரன், "யாரு நீங்க, என்ன வேணும்?" என்று கேட்டான். ஐம்பத்தோரு வயதில் எவனோ ஒருவனிடம் நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் மூன்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்ல செய்தி. பாதையில் ரொம்பச் செங்குத்தான இரண்டு இடத்திலும் காங்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். வழவழவென்று தளம். மூன்றாம் கியரில் ஏறினேன்! இனி முன்சக்கர இழுவை எதற்கு? லோ கியர் எதற்கு?

சவரியிடம் சொன்னேன், பெட்டியைப் பிரித்துவிடலாம் என்று. முன்பக்கத்துக்குப் போகிற பல்சக்கரத்தையும் அச்சையும் எடுத்துவிட்டு ஓட்டையைத் தகடு போட்டு அடைப்பது. லோ கியர் பற்களை லேத்தில் கொடுத்துச் சீவி விடுவது. உள்ளே கொழகொழ ஆயிலுக்குப் பதிலாக இளக்கமான ஆயில். கனமும் குறையும், சுற்றுகிற இரும்பும் குறையும், வண்டி சல்லென்று போகும்.

சவரி பீடியைக் கீழே போட்டான். "பரமண்ணே, தண்டக் கழட்டுனா திருப்பி மாட்டிக்கலாம். பல்லச் சீவுனா ஒட்ட முடியாது. எறக்கத்துல வண்டியப் பிடிச்சு நிறுத்துறது பிரேக்கு இல்ல, லோ கியரு. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"காங்கிரீட் போட்டாச்சுப்பா."

"அது எடம் ரெண்டுலதான?"

"நோயாளி ஏத்துற வண்டிடா இது. ஒனக்குப் புரியாது" என்று கத்திவிட்டேன். பாவம், அவன்மேல் எனக்கு என்ன கோபம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

என் நீலக் கட்டம் போட்ட கைலியைக் காணவில்லை. வேலுவிடம் கேட்டால், "கொடியில பாருங்க" என்கிறாள். கொடியில் இல்லை. குரங்கு தூக்கியிருக்கும்.

வண்டி பட்டறையில் நிற்கிறது. பெட்டி பிரித்தாகிவிட்டது. இன்று கூட்டாளி ஒச்சுவின் ஜீப்பில் போய் வந்தோம். ஒச்சு எனக்கு அடுத்த வீடு. மலையில் எனக்கு அடுத்தபடியாக நன்றாக வண்டி ஓட்டுகிறவன். அவனோ தனக்கு அடுத்தபடி நான் என்பான்.

ஆகஸ்ட் 30, சனி

வண்டி வந்துவிட்டது. எடுத்த இரும்பையெல்லாம் சாக்கில் போட்டுத் தூக்கிப் பார்த்தேன், ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். சத்தம் அறவே இல்லை. சமதரையில் நியூட்ரலில் விட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒச்சு கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாப்ள, ஜீப்ப காரா ஆக்கிட்ட. ஏசி ஒண்ணு மாட்டிட்டா தேனியில டாக்சி ஓட்டலாம்."

"ஒனக்குப் பொறாம" என்றேன்.

அவனுக்குப் பொறாமைதான்.

செப்டம்பர் 1, திங்கள்

புது வண்டியில் முதல் பயணம். அரை மணி நேரம் மிச்சம். சத்தம் இல்லை, உதறல் இல்லை. மேலே வந்து வண்டியை நிறுத்திவிட்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். அவள் வெகுநேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதற்கு அழப் போகிறாள்?

செப்டம்பர் 11, வியாழன்

வேலு ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறாள். தேனிக்குப் போகும்போது பெரிய பை. வரும்போது வெறும் பை. நான் ஒவ்வொரு இரும்பாகக் கழற்றிக் கனம் குறைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் பையில் பிரஷர் ஸ்டவ்வைத் தூக்கி வைக்கிறாள்! எதற்கு என்று கேட்டால், பேச்சி இரவல் கேட்டாளாம். கேஸ் அடுப்பு வைத்திருக்கிறவளுக்கு ஸ்டவ் எதற்கு? தங்கைக்குக் கொடுப்பதென்றால் இவளுக்கு அளவே கிடையாது.

தண்ணீர் மூன்று.

செப்டம்பர் 17, புதன்

கோழிகளை ஒச்சு பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டாள். ஏழு கோழி. மரநாய் வருகிறதாம், காவல் காக்க உடம்பில் தெம்பு இல்லையாம். அதுவும் சரிதான்.

முகம் வீங்கியிருக்கிறது. பாதத்தில் விரலை வைத்தால் குழி விழுகிறது. ராத்திரி இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன், எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மழைக்காலம் வருதே" என்றார்.

காங்கிரீட் போட்டிருப்பதை அவருக்கு விளக்கினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினேன். ஸ்பேனர்களோடு கழற்றின பல்சக்கரத்தையும் வைத்துப் பொட்டு வைத்தேன். வேலு பார்த்துவிட்டு, "வேலையில்லாததுக்கும் பூச உண்டா?" என்றாள்.

"இத்தன வருசம் இழுத்துச்சுல்ல."

"அப்ப எனக்கும் ஒரு பொட்டு வைங்க" என்று சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கியது. விபூதித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 18, சனி

மூன்றாவது நாளாக மழை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. போக முடியவில்லை. மலை சரிந்து காங்கிரீட் மேல் உட்கார்ந்திருக்கிறது, வீடு உயரத்துக்கு மண். தளம் உடைந்து பாதி பள்ளத்துக்குப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கூட்டி வாருங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றார்கள்.

தீபாவளியும் அதுவுமாக அவள் கேட்கிறாள், நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன். நாக்கை நனைக்க ஒரு துணியை ஈரமாக்கிக் கொடுத்தேன். அரை டம்ளர்கூட இருக்காது.

அக்டோபர் 21, செவ்வாய்

அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு விடுகிறாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது.

சாயங்காலம் ஒச்சு வந்தான். தோட்டத்துக்குள் சுற்றிப் போகிற பழைய பாதை இருக்கிறது, லோ கியரில் நான்கு சக்கரமும் போட்டால் இறக்கிவிடலாம் என்றான். "காலையில என் வண்டியில கூட்டிட்டுப் போயிருவோம் மாப்ள. ஒன் வண்டி இப்ப இதுக்கு ஆகாது."

எனக்குச் சுருக்கென்று வந்தது. இத்தனை வருடம் இந்த மலையில் யார் யாரையோ இறக்கியிருக்கிறேன், என் பெண்டாட்டியை இன்னொருத்தன் வண்டியில் அனுப்பவா? என் வண்டியில் அவளுக்கு என்று மெத்தை போட்டிருக்கிறேன், சாய்ந்துகொள்ளப் பலகை வைத்திருக்கிறேன். "நான் முன்னாடி போறேன். நீ வேணா பின்னாடி வா" என்றேன்.

அவன் வேலுவைப் பார்த்தான். அவள் பேசுகிற நிலையில் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் கிளம்பினோம். தோட்டப்பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான், ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். ஒச்சு எனக்குப் பின்னால் ஆள்களோடு வந்தான். நான் முதல் கியரில்தான் இறக்கினேன், ஆனால் வண்டி நிற்கவில்லை. பிடித்து நிறுத்த உள்ளே ஒன்றும் இல்லை. பிரேக்கை மிதித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கியது. வண்டியின் முகம் மேட்டில் முட்டி, பின்பக்கம் பள்ளத்தை நோக்கித் திரும்பி, பாதைக்குக் குறுக்காக நின்றுவிட்டது. முன்சக்கர இழுவை இருந்தால் ஒரே மூச்சில் நேராக்கியிருப்பேன். பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்ததே தவிர ஓர் அங்குலம் நகரவில்லை.

எட்டுப் பேர் தள்ளினார்கள். தள்ளத் தள்ளப் பள்ளத்துப் பக்கம்தான் போனது.

பின்னால் ஒச்சுவின் வண்டி, இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும், லோ கியர் இருக்கிறது. என் வண்டியைத் தாண்டிப் போக வழிதான் இல்லை.

வேலுவை இறக்கி மேட்டில் சாக்கு விரித்து உட்கார வைத்தோம். உதடு நீலமாகிவிட்டது. ஒச்சு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மாப்ள, தப்பா நினைக்காத. இத உருட்டி விட்டுருவோம். பள்ளத்துல போகட்டும். பத்து நிமிசத்துல என் வண்டி கீழ போயிரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வண்டியின் பானெட்டில் கை வைத்திருந்தேன், இன்னும் சூடாக இருந்தது. வாய் திறக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம். அதற்குமேல் இருக்காது.

அதற்குள் வேலு பேசிவிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. "வண்டி... இருக்கட்டும்ண்ணே. நாற்காலி கட்டித்... தூக்குங்க."

ஒருவன் ஓடிப்போய்த் தோட்டத்து ஆபீசிலிருந்து நாற்காலி கொண்டுவந்தான். இரண்டு மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். நானும் தோள் கொடுக்கப் போனேன். "நீ கொட பிடி" என்று ஒச்சு சொல்லிவிட்டான். அடிவாரம் வரைக்கும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி தூரத்தில் குடை மடங்கிவிட்டது. அதற்குப் பிறகு என் கையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டே போனது. வேலு, வேலு என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மூக்கில் குழாயை வைத்து ஏற்றினார்கள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கண் திறக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

கண் திறந்தாள். என்னைத் தெரிந்தது. தண்ணீர் கேட்டாள். நர்சம்மா ஒரு ஸ்பூன் கொடுத்தார்.

அக்டோபர் 29, புதன்

இருதயம் களைத்துப்போயிருக்கிறதாம். இனி வாரத்துக்கு மூன்று தடவை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "இருக்கற வரைக்கும்" என்றார் டாக்டர். எது இருக்கிற வரைக்கும் என்று கேட்கவில்லை.

ஒச்சு போன் செய்தான். மழை விட்டதும் இரண்டு ஜீப்பைக் கட்டி என் வண்டியை இழுத்து அடிவாரத்துக்கு இறக்கிவிட்டானாம். ஒரு கீறல்கூட இல்லையாம். வண்டி நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் வேலுவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பேச்சி ஆட்டோவில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நான் அடிவாரத்துக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு போடி வழியாக வந்தேன். சவரி பட்டறை வாசலில் நின்று கையைக் காட்டினான்.

"பரமண்ணே, பழைய ஜீப்பு ஒண்ணு ஒடைக்க வந்திருக்கு. பெட்டியில எல்லாப் பல்லும் முழுசா இருக்கு. ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா பழையபடி மாட்டித் தந்துருவேன். மலைக்குப் போயிரலாம்."

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

போடியிலிருந்து தேனி வரைக்கும் சமதரை. வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. ஒரு சத்தம் இல்லை. வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நான் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. அழுகையாக வந்தது.

மாடிப்படி ஏறிப் போனேன். வேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூலையில் எங்கள் ஸ்டவ். சுவர் அலமாரியில் அவளுடைய புடவைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து. ஜன்னல் திட்டில் நான் முகச்சவரம் செய்கிற பழைய கண்ணாடி. கொடியில் என் நீலக் கட்டம் போட்ட கைலி, துவைத்துக் காய்ந்து தொங்கியது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வந்துட்டீங்களா? சத்தமே கேக்கல" என்றாள்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"நீங்க சவரி பட்டறைக்குப் போயி ஒக்காந்திருந்த அன்னைக்கு."

"சொல்லியிருக்கலாம்ல, வேலு?"

"சொல்லிக்கிட்டேதாங்க இருந்தேன்."

கீழே பேச்சி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரன் தன் வாசலில் நின்று என் வண்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"மலைக்கு எப்பப் போறீங்க?" என்று வேலு கேட்டாள்.

"எங்கிட்டுப் போறது? அது ஏறாது."

"சவரி மாட்டித் தரமாட்டானா?"

"செட்டு கெடைக்கலையாம். பழைய மாடலு. இனிமே கெடைக்காதுங்கறான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். இருபத்தாறு வருடம் ஜீப்காரன் பெண்டாட்டியாக இருந்தவள், எந்தச் சாமான் கிடைக்கும், எது கிடைக்காது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்படியா" என்றாள். "அப்ப கைலிய மாத்திட்டு வாங்க, சாப்பிடுவோம்."

மாற்றிக்கொண்டேன். காற்று இல்லைதான்.

தண்ணீர் இரண்டரை டம்ளர்.